அக்கா நடந்த நடை

எங்கள் தையல் ஷெட்டில் நாற்பத்திரண்டு மிஷின். எண்ணெய் விடுவது, பெல்ட் மாற்றுவது, ஊசி உடைந்தால் ஓடுவது எல்லாம் நான். என்னை அங்கே யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, மெக்கானிக் என்றால் போதும். மிஷினைச் சரிபார்க்கக் கழிவுத் துணியில் ஓட்டிப் பார்ப்பேனே தவிர, உருப்படியாக ஒரு துண்டுத் துணி தைத்தவனில்லை. என் ஆயுளில் முழுசாகத் தைத்து முடித்தது ஒரே ஒரு சாமான். ஒரு இடுப்புப் பட்டை. எட்டுப் பை வைத்தது. தைக்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அதைப் பிரித்துப் போடக் கிடைத்த நான்கு மாதத்தையும் வாயைப் பொத்திக்கொண்டு கழித்தவனும் நான்தான்.

யாருக்காகத் தைத்தேன் என்றால் காலரிடமிருந்து ஆரம்பிக்க வேண்டும். காலர் என்பது ஆள். சட்டைக்குக் காலர் ஏற்றுகிற வேலை, அதனால் அந்தப் பெயர். மூன்றாவது வரிசையில் ஜன்னலை ஒட்டிய மிஷின் அவனுடையது. உடம்புத் துணி அவனிடம் வரும்வரைக்கும் அது வெறும் துணிதான், அவன் கையை விட்டுப் போகும்போதுதான் சட்டை. கழுத்தைத் தொங்கப் போட்டு, தோளைச் சுருக்கி, வலது காலை மிதியில் வைத்து, இடது காலை நாற்காலிக் காலில் கொக்கி மாதிரி மடக்கிப் பின்னிக்கொண்டு உட்காருவான். அப்படி உட்கார்ந்தால் சோற்று மணி அடிக்கும்வரை அந்தக் கால் பிரியாது. உட்கார வைத்துத் தைத்துவிட்டார்களா என்று கேலி செய்வோம். சிரிப்பான். தலை நிமிராது.

அவன் வீடும் என் வீடும் எதிரெதிர். ஆளுக்கு இரண்டு அறை, நடுவில் நான்கு எட்டு அகலத்துக்குச் சந்து. அவன் வீட்டில் பேசுவது என் வீட்டில் கேட்கும், நான் இருமினால் அவன் வீட்டில் தண்ணீர் எடுத்து வைப்பார்கள். அவன் மனைவிக்கு ரொட்டிக் கடையில் வேலை. ஒன்பது மணி நேரம் நிற்க வேண்டும். சாயங்காலம் வந்து காலைச் சுடுதண்ணீரில் விட்டுக்கொண்டு, "நான் நின்னே சாகறேன், நீங்க உக்காந்தே சாகறீங்க. நம்ம ரெண்டு பேரையும் சேத்துத் தச்சா ஒரு நல்ல ஆளு வருவான்" என்பாள். நாங்கள் எல்லாரும் சிரிப்போம். ஆறு வயது மகளும், என்னவென்று புரியாமலே, கூடச் சிரிக்கும்.

பின்னறையில் காலரின் அக்கா. அவளும் ஷெட்டில்தான் வேலை, கட்டு சுமக்கிறவள். வெட்டு மேசையில் கட்டிக் கொடுக்கிற துணிக்கட்டுகளை வரிசை வரிசையாகக் கொண்டு போடுவது, தைத்து முடித்ததைச் சலவைக் கொட்டகைக்குக் கொண்டு போவது. காலையில் மணி அடித்தால் நடக்க ஆரம்பிப்பாள், சாயங்கால மணிக்குத்தான் நிற்பாள். தம்பி கைக்குழந்தையாக இருந்தபோதே தாய் போய்விட்டாள் என்பார்கள். தூக்கி வளர்த்தது இவள். ஷெட் முழுக்க அவளுக்கு அக்கா என்றுதான் பெயர். என்னைவிட இரண்டு வயது சின்னவள், நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நாத்தனார் என்ற முறை இருந்தும் காலரின் மனைவிக்கும் அவள் அக்காதான்.

இப்படி இருந்தபோதுதான் பட்டன் வந்தது.

சட்டைப் பட்டன் இல்லை. ஆனால் அதைவிடக் கொஞ்சம் பெரிதாக, கறுப்பாக, அந்த வடிவத்திலேயே இருந்ததால் நாங்கள் வைத்த பெயர் அது. இடுப்பில் முதுகெலும்புக்கு நேராகச் செருகிக்கொள்ள வேண்டும். கூன் போட்டால் குறுகுறு என்று அதிரும். நாற்பது நிமிடம் ஒரே இடத்தில் உட்கார்ந்தாலும் அதிரும். எழுந்து மூன்று நிமிடம் நடந்தால்தான் அடங்கும். உள்ளே ஒரு பொடி சிம் இருந்தது. எத்தனை அடி நடந்தோம், எத்தனை முறை எழுந்தோம் எல்லாம் அப்போதைக்கப்போது ஆபீஸ் திரையில் ஓடும். வீட்டில் உள்ளவர்களும் தங்கள் போனில் பார்க்கலாம். தைக்கிறவர்கள் எல்லாரும் காலையில் கேட்டில் எடுத்து மாட்டிக்கொண்டு, சாயங்காலம் கேட்டில் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டுப் போக வேண்டும்.

அதைச் செய்த கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்து முதுகெலும்புப் படத்தைச் சுவரில் காட்டி விளக்கினாள். உட்கார்ந்தே இருந்தால் முதுகு மட்டும் போகாது, இடுப்புக்குக் கீழே ரத்தம் தேங்கும், சர்க்கரை ஏறும், நெஞ்சுக்கும் கேடு என்றாள். எங்களுக்கு வேலையை நிறுத்தி அரை மணி நேரம் சும்மா உட்காரக் கிடைத்ததே என்று சந்தோஷம். அந்தப் பெண் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

முதல் பத்து நாள் காலர் அதை ஒழுங்காக மாட்டினான். அதிரும்போதெல்லாம் எழுந்து ஜன்னல்வரை போய் வருவான். எட்டு வருஷமாகத் தோள்பட்டையில் கத்தி செருகினது போல் இருந்த வலி இறங்கிவிட்டது என்று என்னிடம் சொன்னான். அவன் மனைவி ரொட்டிக் கடையில் நின்றபடியே போனைப் பார்த்து, "இன்னைக்கு மூவாயிரம் அடி நடந்திருக்காரு" என்று வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறாள். மகள் எண் படிக்கப் பழகினதே அந்தப் போனில்தான்.

பதினோராவது நாள் பெரிய ஆர்டர் வந்தது. பள்ளிக்கூடச் சட்டை, இரண்டு மடங்கு. சூப்பர்வைசர் ஒரு வரிசைக்கு இத்தனை உருப்படி என்று கரும்பலகையில் எழுதிவிட்டுப் போனார். காலர் மூன்று நிமிடம் எழுந்து நடந்தால், அவனுக்குப் பின்னால் கை ஏற்றுகிறவர்கள், ஓரம் அடிக்கிறவர்கள், ஏழு பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். "என்னப்பா, மாப்பிள்ளை ஊர்வலமா?" என்று பின்னாலிருந்து குரல் வரும். அவன் கூசிப் போவான். உட்கார்ந்தே இருந்தால் பட்டன் ஆபீஸில் சிவப்பு காட்டும். வாரத்துக்கு மூன்று சிவப்பு விழுந்தால் பெயர் கதவில் ஒட்டப்படும், ஆளைக் கூலி குறைந்த மடிப்பு மேசைக்கு மாற்றிவிடுவார்கள். எழுந்தால் சூப்பர்வைசர் கத்துவார், எழாவிட்டால் சூப்பர்வைசர் எழுதுவார். இரண்டும் ஒரே ஆள்தான் என்பதில் அவருக்கு ஒரு சங்கடமும் இருந்ததாகத் தெரியவில்லை.

அன்று சோற்று நேரத்தில் எல்லாரும் புலம்பிக்கொண்டிருந்தார்கள். அக்கா கட்டு ஒன்றை இறக்கி வைத்துவிட்டு அவசரமாக நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு நாக்கு சும்மா இருக்காதே. "எதுக்குய்யா இவ்வளவு வருத்தம்? அக்கா நாளெல்லாம் நடக்கறா. அவ நடக்கற நடைக்கு எட்டு பேரு பங்கு போட்டாக்கூட மிச்சம் இருக்கும். அவ இடுப்புல மாட்டி விடுங்க" என்றேன்.

சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். விளையாட்டு வினையாகிறது என்பார்களே, அது ஆகிற நேரம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. நிறுத்தியிருக்கலாம். மறுநாள் காலை, பழுது பார்த்த ஒரு மிஷினை ஓட்டிப் பார்க்கிற சாக்கில், கழிவு ஜீன்ஸ் துணியில் பட்டையைத் தைத்து நானே அக்காவிடம் கொடுத்தேன். மூன்றாவது வரிசையின் எட்டுப் பேருக்கு எட்டுப் பை. மேல்சட்டைக்குள் கட்டிக்கொண்டால் வெளியே தெரியாது.

அக்காவுக்கு முதலில் கஷ்டமாக இருந்தது. கட்டைத் தூக்கக் குனிந்தால் எட்டும் ஒரே நேரத்தில் அதிரும். "இடுப்புக்குள்ள தேள் கூட்டம் புகுந்த மாதிரி இருக்கு மெக்கானிக்கு" என்றாள். நான்கைந்து நாளில் முழங்காலை மடக்கி முதுகை வளைக்காமல் தூக்கப் பழகிக்கொண்டாள். ஒரு மாதத்தில் அவள் நடையே மாறிவிட்டது. எத்தனையோ வருஷத்துக் கூன் நிமிர்ந்து, கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு ராணி மாதிரி வருவாள். ராத்திரி இடுப்பு வலிக்கவில்லை என்றாள். எட்டுப் பேருக்கு வந்த மருந்து அவள் ஒருத்திக்குத்தான் வேலை செய்தது.

ஆபீஸ் திரையில் மூன்றாவது வரிசை முழுக்கப் பச்சை. உருப்படியும் எல்லா வரிசையையும் விட அதிகம். சூப்பர்வைசருக்குத் தலைகால் புரியவில்லை. எழுந்து எழுந்து நடந்தும் இவ்வளவு தைக்கிறார்கள் பாருங்கள், அதுதான் பட்டனின் மகிமை என்று மேலே எழுதி அனுப்பினார். மேலே உள்ளவர்கள் இலக்கை இன்னும் கொஞ்சம் ஏற்றினார்கள்.

காலர் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தான். குடித்தால் எழுந்து போக வேண்டி வருமே என்றான். நான் கவனித்தேன். கவனிப்பதற்கும் எதையாவது செய்வதற்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

நான்காவது மாதம். மழை வருகிற மாதிரி மூடிக்கொண்டு, வராமல், புழுங்கிச் சாகடித்த நாட்கள். இஸ்திரி ஆவியும் துணித் தூசியும் ஷெட்டுக்குள்ளேயே சுற்றின. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேட்டில் காலர் இடது காலை நொண்டினான். சந்து முனையில் கால்சட்டையை ஏற்றிக் காட்டச் சொன்னேன். ஆடுசதை உருண்டு, தோல் பளபளவென்று இழுத்துக் கட்டினது போல் இருந்தது. வலது காலையும் பார்த்தேன். இரண்டும் ஒரே ஆளுடைய கால் என்று சொல்ல முடியாது. தொட்டால் சுட்டது.

"எத்தன நாளா?" என்றேன்.

"மூணு நாளா இருக்கும் அண்ணே. மடக்கி உக்கார்றேன்ல, பிடிச்சுக்கிச்சு."

வீட்டில் அவன் மனைவி அன்றிலிருந்து தினமும் அந்தக் காலை மடியில் வைத்து எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்த்தாள். கதவு திறந்திருக்கும், என் வாசலிலிருந்து எல்லாம் தெரியும். ஒன்பது மணி நேரம் நின்ற களைப்போடு இரண்டு கட்டைவிரலாலும் சதையை மேலிருந்து கீழ்வரை பிசைவாள். அவன் பல்லைக் கடித்துக்கொள்வான். அப்படிப்பட்ட காலைத் தேய்க்கவே கூடாது என்று வெகுநாள் கழித்து ஒரு நர்ஸ் எனக்குச் சொன்னாள். அதை நான் அவன் மனைவியிடம் இன்றுவரை சொல்லவில்லை, இனியும் சொல்லப் போவதில்லை.

புதன்கிழமைகளில் ஷெட்டுக்கு ஒரு டாக்டரம்மா வருவாள். சின்ன வயது, பொறுமையாகக் கேட்பாள். காலரை நான்தான் பிடித்துக்கொண்டு போனேன். அவள் காலை இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்தாள், நாடா வைத்து அளந்தாள். அவள் முகம் மாறியதைப் பார்த்தேன்.

"ரொம்ப நேரம் உக்காந்தே வேல பாப்பீங்களா?" என்று கேட்டாள்.

காலர் என்னைப் பார்த்தான். நான் சுவரில் இருந்த முதுகெலும்புப் படத்தைப் பார்த்தேன்.

"பட்டன் போட்டிருக்கோம் டாக்டர்" என்றான்.

அவள் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பினாள். அவன் நம்பரைத் தட்டினாள். பச்சைப் பச்சையாக நான்கு மாதம் ஓடியது. அவள் முகம் தெளிந்துவிட்டது.

"தினம் பதினோராயிரம் அடி நடக்கறீங்க. நாப்பது நிமிஷத்துக்கு ஒருக்கா எழுந்திருக்கீங்க. உக்காந்தே கெடக்கற ஆளா இருந்தா நான் பயந்திருப்பேன். இது நடந்து நடந்து தசை பிடிச்சிருக்கு, அவ்வளவுதான். ஒரு வாரம் காலுக்கு ஓய்வு குடுங்க. தேவையில்லாம எழுந்து நடக்காதீங்க. வீக்கம் கூடுச்சுன்னா, மூச்சு வாங்குச்சுன்னா உடனே வாங்க."

மாத்திரை எழுதிக் கொடுத்தாள். நான் அந்த அறையில் நின்றிருந்தது இரண்டு நிமிடம் இருக்கும். டாக்டரம்மா, இந்த நடை இவன் நடந்ததில்லை என்று சொல்ல ஐந்து சொல் போதும். ஐந்தும் நாக்கு நுனியில்தான் இருந்தன. அப்புறம் பட்டை என்று ஒன்று வெளியே வரும், யார் தைத்தது என்று வரும். உண்மையைச் சொன்னால் என்ன, நான் பயந்தேன்.

வெளியே வந்ததும் சுவரோரமாக அவனை நிறுத்தி, திரும்பிப் போய்ச் சொல்லிவிடலாமா என்றேன். பட்டனை மாற்றிப் போட்டால் அன்றைக்கே வேலை போய்விடும் என்று கேட்டிலேயே எழுதி வைத்திருந்தது.

"எட்டு பேரு அண்ணே. நீங்க ஒம்பது. அக்கா பத்து" என்றான் காலர். "நாங்களாச்சும் வேற ஷெட்டு பாப்போம். அக்காவ இந்த வயசுல கட்டு தூக்க யாரு எடுப்பா? அந்தம்மாதான் ஒண்ணுமில்லனுட்டாங்கள்ல. விடுங்க."

ஒன்றுமில்லை என்று அவள் சொன்னது யாருடைய காலுக்கு என்று நான் கேட்டேன். அவன் நொண்டிக்கொண்டே மிஷினுக்குப் போய், இடது காலை வழக்கம்போல மடக்கி உட்கார்ந்தான்.

அக்காவுக்கு அன்று ராத்திரியே எல்லாம் தெரிந்துவிட்டது. மறுநாள் காலை வேலை ஆரம்பிக்குமுன் அவன் பட்டனை எடுத்து அவன் மிஷின் மேல் வைத்தாள். ஏழுதான் சுமப்பேன், இது உன்னுடையது, நீயே நட என்றாள். அவனும் முயன்றான். முதல் அதிர்வுக்கு எழுந்தான். காலை ஊன்றியதும் முகம் வெளுத்துவிட்டது. இரண்டு எட்டு வைத்து மிஷினைப் பிடித்துக்கொண்டான். பின்னால் துணி குவிந்தது. ஏழு பேர் தையலை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தார்கள். சூப்பர்வைசர் வந்து, "டாக்டரே நடக்க வேண்டாம்னு சொல்லியிருக்காங்க, உக்காந்து தைப்பா" என்றார். அன்றைக்குத்தான் அந்த ஆள் அவ்வளவு அன்பாகப் பேசிக் கேட்டேன். பத்து மணிக்குப் பட்டன் மறுபடி அக்காவின் பைக்குள் போய்விட்டது.

அன்று சலவைக் கொட்டகை வாசலில் அக்கா என்னை நிறுத்தினாள்.

"மெக்கானிக்கு, எனக்கு நடக்கவே பயமா இருக்கு. ஒவ்வொரு எட்டு வைக்கறப்பவும் அவன் காலுல இருந்து ஒரு எட்ட நான் எடுத்துக்கற மாதிரி இருக்கு. நடக்காம நின்னா சிவப்பு வரும். நடந்தா அவன் நல்லா இருக்கான்னு எல்லாரும் நெனச்சுக்கறாங்க. நான் என்னதான் செய்யட்டும்?"

அவன் மனைவியிடம் சொல்லிவிடுவோம், அவள் வேறு டாக்டரிடம் கூட்டிப் போகட்டும் என்று நான் சொன்னேன். அக்கா தலையசைத்தாள். திங்கட்கிழமை சம்பள நாள், அது முடியட்டும், சாயங்காலம் இரண்டு பேருமாகப் போய்ச் சொல்வோம் என்று முடிவானது. ஞாயிற்றுக்கிழமையைச் சும்மா விட்டோம். அந்த ஒரு நாளாவது அவர்கள் நிம்மதியாக இருக்கட்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் நினைத்தோம். நல்லெண்ணம் என்றுதான் அதற்குப் பெயர் வைத்துக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில்தான் சாப்பிட்டேன். முட்டை வேக வைத்து, சோறு, ரொட்டிக் கடையில் மிஞ்சிய பன். காலர் காலை நாற்காலி மேல் நீட்டி உட்கார்ந்திருந்தான். டாக்டர் ஓய்வு எடுக்கச் சொன்னதால் மனைவி அவனை எழ விடவில்லை, தட்டும் தண்ணீரும் இருந்த இடத்துக்கே வந்தன. பதினோராயிரம் அடி நடந்த காலுக்கு இந்த மரியாதைகூட இல்லாவிட்டால் எப்படி என்று பெருமையாகச் சொன்னாள். அக்கா தட்டில் கை வைத்தவள் எடுக்கவே இல்லை. காலர் இரண்டு தடவை காரணமில்லாமல் இருமினான். புழுக்கம் என்றான். ஆமாம், புழுக்கம்தான் என்று நானும் சொன்னேன்.

திங்கட்கிழமை மூன்று மணிக்கு ஷெட்டின் இரைச்சலில் ஒரு மிஷின் நின்றது. நாற்பத்திரண்டில் எது நின்றாலும் என் காதுக்குத் தெரியும். திரும்பிப் பார்த்தேன். காலர் நூல்கண்டு எடுக்க எழுந்தவன் நெஞ்சில் கை வைத்தபடி நின்றிருந்தான். யாரிடமோ வழி கேட்கப் போகிறவன் போல வாயைத் திறந்தான். மூச்சு என்று சொன்ன மாதிரி இருந்தது. பிறகு அப்படியே சட்டைக் காலர் குவியல் மேல் சரிந்தான்.

தூக்கினோம். சரக்கு வண்டியில் துணிக்கட்டுகளுக்கு நடுவே கிடத்தி, தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். உதடு நீலமாகிக்கொண்டே வந்தது. மூச்சு அவனைத் தேடி எங்கோ தூரத்திலிருந்து வருவது போல் வந்தது. அக்கா அப்போது சலவைக் கொட்டகையில் இருந்தாள். அவளிடம் சொல்ல ஆள் ஓடியது, வண்டி காத்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரி பாலத்துக்கு அந்தப் பக்கம். ரொட்டிக் கடையும் அங்கேதான். நான் போனில் சொன்னதும் அவன் மனைவி முன்கையில் மாவோடு ஓடி வந்துவிட்டாள். அவனைத் திரைக்கு அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்கள். தலை நரைத்த டாக்டர் ஒருவர் கால்சட்டையைக் கத்தரித்துக் காலைப் பார்த்துவிட்டு வேகமாக வெளியே வந்தார்.

"இந்தக் கால் எத்தன நாளா வீங்கியிருக்கு?"

"பன்னண்டு நாளு டாக்டர். தசப் பிடிப்புனு சொன்னாங்க."

"என்ன வேல பாக்கறாரு? உக்காந்தே இருப்பாரா?"

"தையல் வேலதான். ஆனா உக்காந்து கெடக்கற ஆளு இல்ல டாக்டர்" என்று அவள் அவசரமாகப் போனை எடுத்தாள். "கம்பெனியில பட்டன் குடுத்திருக்காங்க. எழுந்து எழுந்து நடப்பாரு. இந்தாங்க, இன்னைக்குக்கூடப் பாருங்க."

போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். எட்டாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் இருந்தது. டாக்டர் படிக்கக் குனிந்தார். கடைசி எண் மாறியது. மறுபடி மாறியது. கண்ணை எடுக்குமுன் இருபது ஏறிவிட்டது. பச்சை விளக்கு, பக்கத்தில் நிமிர்ந்த முதுகோடு ஒரு சின்ன பொம்மை, வேகமாகக் காலை வீசி நடந்துகொண்டிருந்தது.

அவள் திரைச்சீலைப் பக்கம் பார்த்தாள். அதற்குக் கீழே கட்டில் சக்கரமும், அதைச் சுற்றி நர்ஸுகளின் செருப்புகளும் தெரிந்தன. மறுபடி போனைப் பார்த்தாள். ஒன்பதாயிரம் தாண்டியது.

"அண்ணே" என்றாள் என்னிடம். குரல் உயரவில்லை. "இவரு இங்க படுத்திருக்காரு. அங்க யாரு நடக்கறது?"

அந்த ஐந்து சொல்லும் அப்போதுதான் என் வாயிலிருந்து வந்தன, ஐந்து நாள் கழித்து. அக்காவின் இடுப்பு, எட்டுப் பை, நான் தைத்த பட்டை எல்லாம் சொன்னேன். அவன் காலையிலிருந்து சாயங்காலம்வரை எழுந்ததே இல்லை, தண்ணீர்கூடக் குடித்ததில்லை என்றேன். டாக்டர் முழுக்கக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. காலிலிருந்து ரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கிறது என்று உள்ளே பார்த்துச் சத்தம் போட்டு, ஏதோ ஒரு மருந்தின் பெயரைச் சொல்லிக்கொண்டே திரையை விலக்கிப் போனார்.

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். என்னைத் திட்டுவாள், அடிப்பாள் என்று காத்திருந்தேன், அதுவாவது கிடைக்கட்டும் என்று. அவள் போனை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அதையே பார்த்தாள். ஒன்பதாயிரத்து எழுநூறு. கொஞ்ச நேரம் நின்றது, பாலத்துச் சந்திப்பில் வண்டிகளுக்காக நின்றிருப்பாள். மறுபடி ஓடியது. பத்தாயிரம். பத்தாயிரத்து நானூறு. இத்தனை நாளும் கடையில் நின்றபடி தன் புருஷன் நடக்கிறான் என்று பூரித்துப் போய்ப் பார்த்தது எந்த நடையை என்று அவளுக்கு ஒவ்வொரு எண்ணாகப் புரிந்துகொண்டிருந்தது. திரைக்குப் பின்னால் பேச்சு வேகமாகி, ஒருவர் எண்ணுகிற சத்தம் மட்டும் சீராகக் கேட்டு, பிறகு அதுவும் நின்றது.

பதினோராயிரத்து அறுபத்திரண்டில் போன் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். அக்கா வாசலில் நின்றிருந்தாள். செருப்பு இல்லை. தலைமுடியில் சலவைக் கொட்டகை நுரை. கேட்டில் பட்டனைப் பெட்டியில் போடாமல் அப்படியே ஓடி வந்திருக்கிறாள். மேல்சட்டைக்குக் கீழே பட்டை நழுவி வெளியே தெரிந்தது.

அதே நேரத்தில் டாக்டரும் வெளியே வந்தார். எங்கள் மூவரையும் பார்த்தார். முடிந்துவிட்டது, எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்றார். அந்தக் காலை முதலில் பார்த்த டாக்டருக்கு அன்றே உண்மை தெரிந்திருந்தால் என்று ஆரம்பித்து, காலர் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அக்கா வாயைத் திறந்தாள். மூச்சுதான் இரைத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சு ஏறி இறங்க, முதுகு மட்டும் நேராக நின்றாள்.

காலரின் மனைவி போனைத் திருப்பிப் பெஞ்சின் மேல் கவிழ்த்து வைத்தாள். கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள்.

"வாங்க அக்கா, உக்காருங்க" என்றாள். "ரொம்ப தூரம் நடந்துட்டீங்க."

அக்கா உட்காரவில்லை.